ராணுவப் பச்சை: எனாமலா, பாலியூரித்தேனா?

குன்னூரில் எங்கள் வீட்டு ஜீப், ராணுவ ஏலத்தில் எடுத்தது. பானெட்டைக் கட்டைவிரலால் தேய்த்தால் பச்சைத் தூள் ஒட்டுகிறது. அடித்திருப்பது ஆல்கிட் எனாமல். காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக் காய்கிற பெயின்ட் அது. காய்ந்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. வருஷம் போகப் போக இறுகி வெடிக்கும். மலை வெயிலின் புற ஊதாக் கதிர் நிறமியைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை அரித்துவிட, நிறமி தூளாக மிஞ்சும். வெடிப்பில் மூடுபனி ஈரம் இறங்கினால் அடியில் துருதான்.

இதற்கு மாற்று, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட். அதில் அலிஃபாட்டிக் என்ற வகை வெயிலை நன்றாகவே தாங்கும். ஆனால் மூடுபனி நாளில் அடிக்கக் கூடாது: பெயின்ட்டை இறுகவைக்கும் பாகமான ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடும், பரப்பெல்லாம் குமிழ் குமிழாகிவிடும். அப்புறம், ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் ஸ்பிரே செய்யவே வேண்டாம்.

எனாமலைப் பிரஷ்ஷால் திட்டுத் திட்டாகச் சரிசெய்துகொள்ளலாம், சரி. இருந்தாலும் என் ஜீப்புக்குப் பாலியூரித்தேன்தான். பிப்ரவரி வெயிலுக்காகக் காத்திருக்கிறேன்.