தங்கச்சி கல்யாணத்துக்கு புடிச்ச வீடியோ டீம் எப்படி? (4/5)

வீடியோ டீம்கிட்ட எல்லாரும் ரேட்டு கேப்போம், ட்ரோன் உண்டா, ஆல்பம் எத்தன ஷீட்டுனு கேப்போம், கேமராவ எந்தப் பக்கம் வைப்பீங்கன்னு யாரும் கேக்குறதில்ல. இந்த டீம் முந்துன நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்து மணமேடைய பாத்து, ஐயர் எங்க உக்காருவாரு பொண்ணு எந்தப் பக்கம்னு விசாரிச்சுட்டு தான் ட்ரைபாட் இடத்தயே முடிவு பண்ணாங்க.

ரெண்டு ட்ரைபாட், ஒரு கிம்பல் (கையில புடிச்சு நடந்தாலும் கேமரா ஆடாம இருக்க வைக்குற ஸ்டாண்ட்). ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல ஒரு கோடு இழுத்தா மூணு கேமராவும் அந்த கோட்டுக்கு இந்தப் பக்கமே தான் நின்னுச்சு, 180 டிகிரி ரூல்னு சொல்றது இதத்தான். ஒரு கேமரா தாண்டிப் போயிருந்தா கூட ஒரு ஷாட்லருந்து இன்னொண்ணுக்கு கட் ஆகும்போது ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்த மாதிரி ஆயிரும். இதுல செம்மயான விஷயம் என்னன்னா எங்க வழக்கத்துல தாலி கட்டுனப்புறம் பொண்ணு நெஜமாவே இடம் மாறி உக்காரணும், அவ எந்திரிச்சு மாறுறத வைட் ஷாட்ல கட் பண்ணாம முழுசா விட்டுருக்காங்க, அதனால பாக்குறவங்களுக்கு குழப்பமே இல்ல.

மாப்பிள்ளை அழைப்பும் சூப்பர். கார் இடமிருந்து வலமா போய்ட்டே இருக்கு, கோயில் முக்குல நேரா கேமராவ பாத்து வர்ற ஒரு ஷாட் போட்டுட்டு தான் ரோட்டுக்கு அந்தாண்ட மாறிருக்காங்க. சும்மா அந்தப் பக்கம் எடுத்து ஒட்டிருந்தா கார் வலமிருந்து இடமா ஓடி, மாப்பிள்ள கோவிச்சுட்டு திரும்பிப் போற மாதிரி இருந்திருக்கும் 😂

குறைன்னா, எல்லா கேமராவும் ஒரே பக்கம்ங்கறதால மேடைல ஓரமா நின்ன பெரியப்பா குடும்பத்துக்கு முதுகு தான் விழுந்திருக்கு, பெரியம்மா இன்னும் பேசுறாங்க. கிம்பல் கேமராவ அனுப்பி சொந்தக்காரங்கள மட்டும் தனியா எடுத்திருக்கலாம், சடங்கு ஷாட்டுக்கு தான அந்த கோடு. அப்புறம் நலங்குல ரெண்டு மூணு இடத்துல ஒரே ஆங்கிள்ல நின்னு லேசா ஜூம் மட்டும் மாத்திருக்காங்க, கட் ஆகுறப்ப டக்குனு எகிறுது. ஒரு 30 டிகிரியாவது நகந்து நின்னு எடுத்திருக்கணும், இல்ல நேரா முகத்துக்கு க்ளோஸப் போயிருக்கணும். ட்ரோன் வேஸ்ட், மண்டபத்து தகர கூரை தான் தெரியுது.

ஃபுல் வீடியோ குடுக்க ரொம்ப இழுத்துட்டாங்க, அட்வான்ஸ் குடுக்கும்போதே தேதிய எழுதி வாங்கிக்கோங்க.