கருவி விளக்கத்தை எப்படிச் சோதிப்பது? மூன்று வழிகள், ஓர் அலசல்

ஏஐ ஏஜென்டிடம், அதாவது நமக்காக வேலைகளைச் செய்துமுடிக்கும் மொழி மாடலிடம், இணையத் தேடல், ஆர்டர் மாற்றம் போன்ற ஒரு கருவியைக் கொடுக்கும்போது, அந்தக் கருவிக்குள் ஓடும் நிரல் பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதில்லை. ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன விவரங்களை நிரப்ப வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அது பார்ப்பது. எந்தக் கருவியை என்ன விவரங்களோடு அழைக்க வேண்டும் என்று மாடலே சொல்லும் ‘ஃபங்ஷன் காலிங்’ வசதியை 2023 ஜூனில் ஓபன்ஏஐ அறிமுகப்படுத்திய காலம் முதலே இதுதான் நிலை. யார் எழுதிய கருவியையும் ஏஜென்டோடு இணைக்க வழிசெய்யும் எம்.சி.பி என்ற பொது நெறிமுறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட பிறகு, முன்பின் அறியாத ஒருவர் எழுதிய விளக்கத்தை நம்பியும் நம் ஏஜென்ட் வேலை செய்ய நேர்கிறது. அந்தச் சில வரிகள் சரியாக வழிகாட்டுகின்றனவா என்று சோதிக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் சமமானவை அல்ல.

முதல் வழி, படித்துப் பார்த்து மதிப்பெண் போடுவது. நோக்கம் தெளிவாக இருக்கிறதா, எப்போது பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறதா, தேதியை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று இருக்கிறதா என ஒரு பெரிய மாடலையே கேட்கலாம். செலவு குறைவு, அப்பட்டமான ஓட்டைகள் உடனே அகப்படும். அதற்கு மேல் இதை நான் நம்ப மாட்டேன். ஆந்த்ரோபிக் தன் இணையத் தேடல் கருவியை வெளியிட்டபோது, அந்நிறுவனத்தின் கிளாட் மாடல் தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு ‘2025’ என்று சேர்த்துக்கொண்டிருந்தது. தேடல் முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. விளக்கத்தைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். இப்படி ஒரு பழக்கம் வரும் என்று விளக்கத்தை மட்டும் படித்து யாரால் ஊகித்திருக்க முடியும்? மாடல் உண்மையில் அனுப்பிய அழைப்புகளைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது வழி அழைப்பையே பார்க்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கொரில்லா என்ற ஆய்வுத் திட்டத்தினர் 2024இல் தொடங்கிய ஃபங்ஷன் காலிங் தரவரிசைப் பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயனரின் கேள்வியையும் கருவிகளையும் கொடுத்து, மாடல் எந்தக் கருவியை அழைக்கிறது, எந்த மதிப்புகளை நிரப்புகிறது என்பதை ஏற்கத்தக்க விடைகளோடு ஒப்பிடுகிறார்கள். பொருத்தமான கருவியே இல்லாதபோது மாடல் சும்மா இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எல்லாவற்றுக்கும் நான் உதவுவேன் என்று தன்னை விற்கும் விளக்கம் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, முழுப் பணியையும் முடிக்கவைத்துப் பார்ப்பது. சியரா நிறுவனம் 2024இல் வெளியிட்ட டாவ்-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு அந்த வகை. ஏஜென்ட் ஒரு கடையின் வாடிக்கையாளர் சேவையில் உட்காருகிறது. வாடிக்கையாளராக இன்னொரு மாடல் பேசுகிறது. உரையாடல் முடிந்ததும், கடையின் தரவுத்தளம் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய தகவலை ஏஜென்ட் சொன்னதா என்று பார்க்கிறார்கள்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அதே கடையின் ஒரு கருவியில் காணலாம். இன்னும் அனுப்பப்படாத ஆர்டரில் உள்ள பொருள்களை மாற்றித் தரும் கருவி அது. ஓர் ஆர்டருக்கு ஒரே முறைதான் அழைக்கலாம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. வாடிக்கையாளர் முதலில் ஒரு பொருளை மாற்றக் கேட்கிறார், சற்று நேரம் கழித்து அதே ஆர்டரில் இன்னொன்றையும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் முதல் பொருளுக்கு உடனே கருவியை அழைத்துவிட்டால் கதவு மூடிவிடும். தனி அழைப்பை ஒப்பிடும் சோதனை அந்த அழைப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும்: கருவி சரி, ஆர்டர் எண் சரி, பொருள் சரி. தரவுத்தளத்தைப் பார்க்கும் சோதனையில்தான் தோல்வி வெளிப்படும். பெர்க்லி குழுவினரும் பின்னர் பல சுற்று உரையாடல்களைச் சேர்த்து, இறுதி நிலையைப் பார்க்கத் தொடங்கியது நியாயமான நகர்வு.

ஒரே பணியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது டாவ்-பெஞ்சின் இன்னொரு பலம். அது வெளிவந்தபோது, ஒரே கடைப் பணியை எட்டு முறை கொடுத்து எட்டு முறையும் தவறாமல் வெல்லும் விகிதம், ஓபன்ஏஐயின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு 25 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. ஒரு முறை ஓடி வென்றதைக் காட்டி ‘விளக்கம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் மூன்றாவது வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. தோற்றது யாரால் என்று அது சொல்லாது. அந்த ‘ஒரே முறை’ விதி கருவி விளக்கத்திலும் இருக்கிறது, ஏஜென்டுக்குத் தனியாகத் தரப்படும் கடை விதிமுறையிலும் இருக்கிறது. தவறு விளக்கத்தினுடையதா, விதிமுறையினுடையதா, மாடலினுடையதா? இந்தச் சோதனைகள் மாடல்களை வரிசைப்படுத்தப் பிறந்தவை. விளக்கங்களை அப்படியே நிறுத்தி, மாடல்களை மாற்றி ஓட்டுகின்றன. விளக்கத்தை எடைபோட விரும்புபவர் இதைத் தலைகீழாக்க வேண்டும். மாடலை அசைக்காமல், மற்ற கருவிகளையும் தொடாமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கி அதே பணிகளைப் பல முறை ஓட்டுங்கள். வெற்றி விகிதம் இறங்கினால் அந்த வாக்கியம் உழைக்கிறது. இறங்கவில்லையென்றால், அந்தப் பணிகளைப் பொறுத்தவரை, அது ஒவ்வொரு முறையும் டோக்கனை, அதாவது மாடல் படிக்க வேண்டிய சொல்துண்டுகளை, மட்டும் தின்கிறது.

சிறிய குழுவாக இருந்தால் நான் பரிந்துரைப்பது அழைப்பு ஒப்பீட்டில் தொடங்குவதையே. வேகமாக ஓடும், தவறான இடத்தை விரலால் சுட்டிக் காட்டும். ஆனால் ஒன்றுபோல் ஒலிக்கும் இரு கருவிகளை வேண்டுமென்றே பக்கத்தில் வையுங்கள்: அனுப்பாத ஆர்டரில் மாற்றுவது, கைக்கு வந்த பொருளை மாற்றிக்கொள்வது. எதையும் அழைக்கக் கூடாத கேள்விகளையும் தாராளமாகச் சேருங்கள். பணம், ரத்து, அழிப்பு ஆகியவற்றைத் தொடும் கருவிகளுக்கு முழுப் பணிச் சோதனை கட்டாயம். அங்கே செலவைப் பார்க்கக் கூடாது. திருத்தும்போது பார்த்த கேள்விகளை வைத்தே இறுதி மதிப்பெண் போடாமல், கொஞ்சம் கேள்விகளைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுங்கள். மாடலின் புதிய பதிப்புக்கு மாறும் நாளில் முதலில் ஓட்ட வேண்டியதும் அந்த ஒதுக்கிய கேள்விகளைத்தான்.