செங்கோட்டையில் ஒரு குரூப் 4 டெஸ்ட் பேட்ச்: சேரலாமா?

புளியரையிலிருந்து பஸ்ஸில் போய் எட்டு மாதம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு வைக்கும் இந்த டெஸ்ட் பேட்சில் எழுதினேன். டெஸ்ட் நடத்துவது மட்டும் என்றால் தாராளமாகச் சேரலாம். நிஜப் பரீட்சை மாதிரியே 200 கேள்வி, மூன்று மணி நேரம், கருப்பு பால்பாயிண்ட் பேனா, விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாள், விடை தெரியாவிட்டால் நிரப்ப வேண்டிய அந்த ஐந்தாவது வட்டம் உட்பட எல்லாம் உண்டு. முதல் மாதம் வட்டம் நிரப்பியே இருபது நிமிடம் போனது, இப்போது கை பழகிவிட்டது.

தமிழ் வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நிஜப் பரீட்சையில் தமிழுக்கான முதல் 100 கேள்வியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் கேரளாவில் ஆரியங்காவு பக்கம் மலையாளப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு தங்கச்சிக்கு தமிழ் ஐயா ஆறாம் வகுப்பு புத்தகத்திலிருந்து பொறுமையாக ஆரம்பித்தார்.

விடைக்குறிப்புதான் வயிற்றெரிச்சல். செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1, இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் குறிப்பில் 1954 என்று அச்சாகியிருந்தது. சொன்னேன், அடுத்த வாரமும் திருத்தவில்லை. இப்படி நாலைந்து முறை. தப்பான விடையை மனப்பாடம் செய்துவிட்டு ஹாலில் போய் உட்காருகிற பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அப்புறம், சேருகிறவர்கள் சமச்சீர் பள்ளிப் பாடப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடையையும் சரிபாருங்கள்.