பாஸ்டன் ஓல்ட் நார்த் ஆலயம்: விளக்குக் கதையோடு திரும்பிவிடாதீர்கள்

பாஸ்டனுக்குப் போகிறவர்கள் ஃப்ரீடம் டிரெயில் என்ற வரலாற்று நடைபாதையைக் காட்டத் தரையில் போட்ட சிவப்புக் கோடு வழியே நடப்பார்கள். அது நார்த் எண்ட் பகுதியில், சேலம் தெருவில் இருக்கும் ஓல்ட் நார்த் ஆலயத்துக்குக் கொண்டுபோய் விடும். 1775 ஏப்ரல் 18 இரவு, அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கும் தறுவாயில், பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்து வருவதை அறிவிக்க இதன் கோபுரத்தில் இரண்டு விளக்குகளைக் காட்டினார்கள். அந்தக் கதையைக் கேட்டுப் படம் எடுத்ததும் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். நான் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள். எனக்கு அந்தக் கட்டடத்தை விட்டு வர மனமில்லை.

1723இல் கட்டிய செங்கல் ஆலயம் இது. பாஸ்டனில் இன்று நிற்கும் ஆலயங்களில் இதுதான் மூத்தது. அன்று இங்கிலாந்து திருச்சபை, இன்று அதே வழியில் வந்த அமெரிக்க எபிஸ்கோபல் சபை. முதல் குருவானவர் டிமோத்தி கட்லர், அதற்கு முன் யேல் கல்லூரியின் தலைவராக இருந்தவர். (அந்தக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர்தான்.) 1722இல் கட்லர் இங்கிலாந்து திருச்சபைக்கு மாறப்போவதாக வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்து திருச்சபையோடு ஒத்துப்போகாத பியூரிட்டன்களின் கல்லூரி அதைப் பொறுக்குமா? பதவி போனது. இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய் குருப்பட்டம் பெற்று, இங்கே வந்து சேர்ந்தார்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது இருக்கைகள்தான். நம் ஊர் ஆலயங்களைப்போல் நீள பெஞ்சு கிடையாது. உயரமான பலகைச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, குடும்பத்துக்கு ஒன்றாக அடைத்திருக்கிறார்கள். சூடேற்ற வழியில்லாத பாஸ்டன் குளிரில் அந்தச் சுவர்தான் காற்றைத் தடுத்தது. காலடியில் தணல் போட்ட சின்னப் பெட்டியை வைத்துக்கொள்வார்களாம். இருக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கறுப்பின மக்களுக்கும் ஏழைகளுக்கும் மாடியில்தான் இடம். ஹோண்டுராஸ் வளைகுடா வியாபாரிகளுக்கு மட்டும் தனி இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். கோபுரச் செலவுக்கு அவர்கள் சாயமரத்தைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள். அந்த மரத்தை வெட்டியவர்கள் அடிமைகள். ஆலயத்தார் இதை இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

அப்புறம் தேவதூதர்கள். ஆர்கன் அருகே நிற்கும் மரச் சிற்பங்கள், 1746இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றிலிருந்து பறித்து வந்தவை. கொள்ளைப் பொருளை ஆலயத்தில் வைத்திருக்கிறார்களே என்று முதலில் உறுத்தியது. மனதை அள்ளியவை சுவரோவியங்கள். சபையைச் சேர்ந்த ஜான் கிப்ஸ் 1730 வாக்கில் வரைந்த தேவதூதர் முகங்களை 1912இல் வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். அண்மையில் அந்தப் பூச்சைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து முகங்களை மீட்டிருக்கிறார்கள். தலைமுடி அலையலையாக, ஒவ்வொரு முகமும் வேறு வேறு. கழுத்து வலித்தாலும் நிமிர்ந்து பாருங்கள்.

ஆலயத்துக்குக் கீழே உள்ள நிலவறைக் கல்லறையில் 37 கல்லறைகள், ஏறத்தாழ 1,100 பேர். இதற்குத் தனிக் கட்டணம். கூரை தாழ்வு, வழி குறுகல். மூச்சு முட்டும் என்பவர்கள் விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை.

செங்கல் கோபுரத்தின் மேல் நிற்கும் கூம்பு பழசல்ல. 1740இல் எழுப்பியது 1804 புயலில் விழுந்தது, அடுத்துக் கட்டியது 1954இல் கரோல் சூறாவளியில் போனது. கோபுரத்து மணிகள் பழையவை. 1744இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் வார்த்த எட்டு மணிகள். விளக்குக் கதையின் நாயகன் பால் ரெவியர் சிறுவனாக இவற்றை அடித்திருக்கிறார். இன்று எம்ஐடி என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணியடிப்போர் குழு அடிக்கிறது. ராகம் வாசிப்பதில்லை. எட்டு மணிகளும் வரிசை மாறி மாறி ஒலிக்கும், அதற்கென்று கணக்கு இருக்கிறது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, அந்தப் பெட்டி இருக்கைக்குள் உட்கார்ந்து ஜெபிக்கவும் முடியும்.