அடிமதகா, ஷட்டரா: டிரவுட் ஆற்றுக்கு எது தோது?

சித்திரை வெயிலில் மதியம் எங்கள் பெங்களூரு வீட்டில் குழாயைத் திறந்தால் கை சுடும், மாடித் தொட்டித் தண்ணீர். அதே நேரம் சம்ப் மூடியைத் தூக்கி ஒரு வாளி மொண்டால் சில்லென்று இருக்கும். ஆழமான அணையிலும் இதே கதைதான். கோடையில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் கிடக்கும். நீர்மட்டம் இறங்க இறங்க, டர்பைனுக்குப் போகும் வாய் மேல்நீருக்கு நெருக்கமாகிவிடும். சூடான தண்ணீர் ஆற்றுக்குள் போகும். நம் அவலாஞ்சியில் விட்டு வளர்த்த அதே ரெயின்போ டிரவுட் மீன், 20 டிகிரியைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும்.

ஒயிட்ஃபீல்டில் ஓர் அணை வடிவமைப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். அமெரிக்க மேற்குப் பகுதியில் ஒரு சிறிய அணைக்குப் போன வருடம் வெப்பநிலைக் கணக்கு போட்டோம். அடிமதகைத் திறப்பதா, பல மட்டங்களில் நீர் எடுக்கும் ஷட்டர் வைப்பதா என்று வந்தபோது ஷட்டரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அடிமதகு ஏற்கெனவே இருக்கிறது, இன்றே திறக்கலாம். டர்பைன் வழியாகப் போகாத அந்தத் தண்ணீரில் மின்சாரம் கிடைக்காது, அது தெரிந்ததுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிளென் கேன்யன் அணையில் 2024 கோடையில் இப்படித்தான் குளிர்நீரைக் கலந்து விட்டார்கள். கீழே லீஸ் ஃபெர்ரி டிரவுட் பகுதி. வெதுவெதுப்பான நீரில் பெருகும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் அங்கே வந்து சேர்ந்துவிட்டது, அது பெருகக் கூடாது என்பது நோக்கம். ஆனால் அந்த அடிமதகுக் குழாய்கள் அதற்கு முந்தைய வருடம் பெரிய நீர்விடுப்பில் உட்புறம் அரிபட்டவை.

எனக்கு முடிவைச் சொன்னது செப்டம்பர் மாதம். அடிமதகை வைத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தால் ஜூலையில் ஆறு அருமையாக இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் குளிர்நீர் காலி. ஷட்டர் என்றால் மே, ஜூனில் மேல்நீரையே ஆற்றுக்குத் திறந்துவிட்டு அடிநீரைப் பத்திரப்படுத்தலாம். எங்கள் சீனியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “டேங்கர் எப்ப வரும்னு தெரியாத வீட்டுல சம்ப் தண்ணிய எடுத்தா தரையைக் கழுவுவீங்க?”

சரி, ஷட்டர் குளிர்நீரை உண்டாக்காது. கலிஃபோர்னியாவின் சாஸ்டா அணையில் இப்படியொரு ஷட்டரைச் சுமார் 8 கோடி டாலரில் 1997-இல் முடித்தார்கள். அப்படியும் 2014 வறட்சியில் குளிர்நீர் தீர்ந்து, குளிர்காலத்தில் ஆறேறும் சால்மன் மீனின் முட்டைகளில் பெரும்பகுதி செத்தது. அதில் நீர்க்கசிவுத் தொல்லையும் உண்டு. கதவு இடுக்குகளை அடைக்க, பழுது பார்க்க நீர்மூழ்கி ஆட்கள் இறங்க வேண்டும். அந்தச் செலவை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஆழம் குறைந்த அணை என்றால் சேமிக்க அடிநீரே இருக்காது, அங்கே இதற்குப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் 1978-இல் இதே ஏற்பாட்டைச் செய்தது தண்ணீரைச் சூடாக்க. அங்கே டிரவுட் வளர முடியாத அளவுக்கு ஆறு குளிர்ந்து கிடந்தது.

மேல்நீரைத் தடுக்க நீருக்குள் திரை தொங்கவிடும் மலிவான வழியும் உண்டு. கலிஃபோர்னியாவின் லூயிஸ்டன் ஏரியில் 1992-இல் அப்படித் தொங்கவிட்டார்கள். எங்கள் அணைக்குள் வெள்ளத்தோடு மரக்கட்டைகள் வரும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

ஷட்டருக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லையாம். இந்தக் கோடையிலும் அடிமதகுதான். ஜூன் முழுக்க அதைத் தொடாதீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.