கோவை டவுனுக்குள் பழைய வீட்டு ஈயக் குழாயை மாற்றிய பிளம்பிங் வேலை: எங்கள் அனுபவம்

டவுனுக்குள் தாத்தா காலத்து வீட்டில் இருந்துகொண்டு சிறுவாணித் தண்ணி பிடித்துக் குடிக்கிறவர்கள் எங்கள் குழாயை மாற்றிக் கொடுத்த இந்தப் பிளம்பர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். வேலை சுத்தம். காசு கூடுதல்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு சுக்கிரவார்பேட்டைப் பக்கம், சுதந்திரத்துக்கு முன்னால் கட்டியது. ரோட்டிலிருந்து மீட்டர் வரைக்கும் வருகிற குழாயை யாரும் எந்தக் காலத்திலும் தொட்டதில்லை. தங்கச்சி மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அதற்குள் தொட்டி, குழாய் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முதலில் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் மீட்டர் பக்கம் ஒரு அடி வெட்டி ஜாயிண்ட் போட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்றார். மனசு கேட்கவில்லை. அப்புறம்தான் இவர்களைப் பிடித்தோம்.

வந்த பெரியவர் குழாயில் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார், வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது, மேலே சாம்பல் நிறம், சுரண்டிய இடம் வெள்ளியாட்டம் மின்னியது. "காரீயமுங்கம்மா. ஜி.ஐ. பைப்பா இருந்தா காந்தம் புடிச்சிருக்கும்" என்றார். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நான் ஈயம் என்று எழுதுவதெல்லாம் இந்தக் காரீயத்தைத்தான் (lead). இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம், பார்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடனே கடப்பாரையைத் தூக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. தண்ணீர் விடுகிற அன்றைக்கு முதலில் வருகிறதை ஒரு பாட்டிலிலும், நன்றாக ஓடவிட்ட பிறகு இன்னொரு பாட்டிலிலும் பிடித்து, என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுக்கச் சொன்னார்கள். ஈயம் பார்க்கணும் என்று தனியாகக் கேட்கணும். சும்மா தண்ணீர் டெஸ்ட் என்று கொடுத்தால் பெரும்பாலும் உப்பு, கடினத்தன்மை, கிருமி இவற்றோடு நிறுத்திவிடுவார்கள். இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 சொல்கிற வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் சில உப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுமதிப்பார்கள், ஈயத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எங்கள் இரண்டாவது பாட்டில் வரம்புக்குள் இருந்தது, முதல் பாட்டில் தாண்டிவிட்டது. நல்ல தண்ணி தினமும் வராத தெருவில் இடைப்பட்ட நாளெல்லாம் தண்ணீர் அந்தக் குழாயிலேயே ஊறிக் கிடக்கிறது, அதனால் முதல் குடம்தான் மோசம். குழாய் மாற்றும்வரை அதைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சிறுவாணித் தண்ணீருக்கு என்ன குறை என்று நானும் கேட்டேன். குறை தண்ணீரில் இல்லை. உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர் என்பதால்தான் அத்தனை ருசி, அதே மென்மையால் ஈயத்தைச் சுலபமாகக் கரைத்தும் கொண்டுவருகிறது. போர் தண்ணீர் போகிற குழாயில் உள்பக்கம் சுண்ணாம்பு படிந்து ஓரளவு மூடிவிடும், இதில் அப்படிப் படிவதில்லை. அமெரிக்காவில் ஃப்ளின்ட் என்ற ஊரில் 2014-ல் குடிநீரை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள், குழாய் அரிப்பைத் தடுக்கிற மருந்தைச் சேர்க்கவில்லை, ஈயம் கரைந்து வீடு வீடாகப் போய்விட்டது.

கர்ப்பிணிக்குக் கொதிக்க வைத்து ஆற்றித்தானே கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் அளவு கூடவே செய்யும். நிறம், வாசனை, ருசி எதிலும் தெரியாது. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் அங்கிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கச்சி மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் குடம்தான் ஞாபகம் வந்தது. வேலை முடியும்வரை கேன் தண்ணீர்தான் கொடுத்தோம்.

இனி வேலை. ரோட்டு மெயின் பக்கம் தனியார் கை வைக்கக் கூடாது என்பதால் முறையாக விண்ணப்பம் போட வைத்து, அனுமதி வந்த பிறகே அந்தப் பக்கத்தைத் தொட்டார்கள். ஈயத் துண்டு முழுவதையும் எடுத்தார்கள். பாதியை வெட்டிப் பாதியை விட்டால் வெட்டுகிற அதிர்ச்சியில் உள்ளே படிந்தது உதிர்ந்து, கொஞ்ச காலத்துக்கு முன்னைவிட அதிகமாக ஈயம் வரும். அதற்கப்புறம் சமையலறை வரை இருந்த பழைய ஜி.ஐ. பைப்பையும் எடுத்தார்கள். நான் செலவு இழுக்கிறார்களோ என்று யோசித்தேன், அறுத்துக் காட்டினார்கள், உள்ளே பாதித் துவாரம் துரு. பல வருஷமாக மேலேயிருந்து வந்த ஈயத்தை அந்தத் துரு பிடித்து வைத்திருக்குமாம், ஈயக் குழாய் போன பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக உதிருமாம்.

புதுக் குழாய் எல்லாம் பிளாஸ்டிக் வகை, வெளியே எச்.டி.பி.இ., உள்ளே சி.பி.வி.சி., எல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. பி.வி.சி. வாங்குகிறவர்கள் ஈயம் சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். சூட்டில் கெடாமல் இருக்க அதிலும் ஈயம் சேர்க்கிற வழக்கம் உண்டு, 2021-ல்தான் மத்திய அரசு அதற்கென்று விதியே கொண்டுவந்தது. மலிவான பித்தளைக் குழாய்த் தலைகளிலும் ஈயம் இருக்கும், சமையலறையில் இருந்ததை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டோம். முடித்ததும் குழாய் முனை வலைகளைக் கழற்றிக் கழுவி, வெகுநேரம் தண்ணீரை ஓடவிட்டார்கள். மறுபடியும் டெஸ்ட் கொடுத்தோம், முதல் தண்ணீரிலேயே ஈயம் கண்டறியும் அளவுக்கு இல்லை என்று வந்தது. அந்தத் தாளைத் தங்கச்சி மகளிடம்தான் முதலில் காட்டினேன்.

குறை என்றால் இரண்டு. சமையலறைத் தரையை உடைத்த இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள், டைல்ஸ் ஒட்ட மேஸ்திரி தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்தது காசு, மற்றவர்கள் சொன்னதைவிட நன்றாகவே கூடுதல், டெஸ்ட் செலவும் நம்முடையது. எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்பதையும் சொல்லணும். கூப்பிடுகிறவர்கள் தரை வேலை அந்தத் தொகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த ஈயத் துண்டைப் பழைய இரும்புக் கடையில் போடுவதாக இருந்தால் அதுவரை பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.