மூன்று ஷாக்குக்குப் பிறகு: பேடை இடம் மாற்றுவதா, இரண்டாவது இயந்திரமா?

இதயம் நின்றுபோன ஒருவருக்கு மூன்று முறை மின் ஷாக் கொடுத்தாயிற்று. இடையிடையே நெஞ்சழுத்தமும் நடக்கிறது. ஆனால் திரையில் இன்னும் அதே தாறுமாறான அலை. இதயத்தின் கீழறைகள் ரத்தத்தை வெளியே தள்ளாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக வி.எஃப். இப்போது நான்காவது ஷாக்கை எப்படிக் கொடுப்பது?

பல பத்தாண்டுகளாக இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: அதே பேட் (மார்பில் ஒட்டி ஷாக்கைச் செலுத்தும் பட்டை), அதே இடம், இன்னொரு முறை. கூடவே அட்ரினலின், அமியோடரோன் போன்ற மருந்துகள். இந்தப் பழக்கத்தை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தது கனடாவின் ஒன்டாரியோ மாநிலம். மருத்துவர் ஷெல்டன் செஸ்கஸ் தலைமையில் ஆறு ஆம்புலன்ஸ் சேவைகள் 2018 மார்ச் முதல் 2022 மே வரை நடத்திய ஆய்வின் பெயர் டோஸ் வி.எஃப். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, வழக்கமான முறையில் மூன்று ஷாக் வாங்கியும் வி.எஃப். விடாத 405 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

போட்டியிட்ட வழிகள் மூன்று. முதலாவது, வழக்கமான வழி: வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு பேட், இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொன்று, அந்த இடத்திலேயே தொடர்ந்து ஷாக். இரண்டாவது, திசை மாற்றம்: புதிய பேடுகளை மார்பின் முன்புறம் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஒட்டி, மின்சாரத்தை முன்னிருந்து பின்னாகச் செலுத்துவது. மூன்றாவது, இரட்டை ஷாக்: ஷாக் கொடுக்கும் இயந்திரங்களான டிஃபிப்ரிலேட்டர்கள் இரண்டை இரண்டு திசைகளிலும் பொருத்தி, ஒரே பாராமெடிக் (ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்) ஒரு பொத்தானை அழுத்தியதும் மற்றதையும் சட்டென்று அழுத்துவது. இரண்டையும் ஒரே கணத்தில் அழுத்துவதில்லை. நடுவே ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி இருக்கும்.

இரட்டை ஷாக் ஒன்றும் புது யோசனை அல்ல. ஆனால் அதைப் பெரும்பாலும் கடைசி முயற்சியாக, ஏழெட்டு ஷாக் தோற்ற பிறகுதான் எடுத்தார்கள். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் பலன் குறைவாகத்தான் தெரியும். பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள் பெரிய நன்மை எதையும் காட்டாமல் போனதற்கு இது முக்கியக் காரணம் என்பேன். ஒன்டாரியோ ஆய்வில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. எந்தச் சேவை எந்த வழியைப் பின்பற்ற வேண்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழி மாறியது. நான்காவது ஷாக்கிலேயே புது வழி தொடங்கிவிடும். நோயாளியைப் பார்த்து யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

முடிவுகள் 2022 நவம்பரில் வெளியாயின. உயிரோடு மருத்துவமனையை விட்டு வீடு திரும்பியவர்கள் வழக்கமான வழியில் 13.3 சதவீதம், திசை மாற்றத்தில் 21.7 சதவீதம், இரட்டை ஷாக்கில் 30.4 சதவீதம். உயிர் பிழைப்பது ஒன்று. பிழைத்த பிறகு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மூளை தப்பியிருப்பது வேறு. குடும்பத்தாருக்கு இரண்டாவதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கணக்கில் வழக்கமான வழி 11.2, திசை மாற்றம் 16.2, இரட்டை ஷாக் 27.4 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். திட்டமிட்டது 930 பேர். கொரோனா காலத்து நெருக்கடியால் ஆய்வு பாதிக்கும் குறைவிலேயே நின்றது. எந்த வழி நடக்கிறது என்பது பாராமெடிக்குகளுக்குத் தெரியும், மறைக்க வழியில்லை. அதைவிட முக்கியமானது, இரண்டு புது வழிகளின் ஆதாரமும் ஒரே உறுதியில் இல்லை. வழக்கமான வழியோடு ஒப்பிட்டால் இரட்டை ஷாக்கில் பிழைக்கும் வாய்ப்பு 2.21 மடங்கு, அந்த மதிப்பீட்டின் கீழ்வரம்பே (உண்மையான பலன் இதற்கும் கீழே இருக்க வாய்ப்பு குறைவு என்ற அளவு) 1.33. திசை மாற்றத்துக்கு 1.71 மடங்கு, கீழ்வரம்போ 1.01, அதாவது வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1-ஐ ஒட்டியே. ஓரிரு நோயாளிகளின் முடிவு மாறியிருந்தால் இது புள்ளியியல் சோதனையில் தேறியிருக்காது. மூளை நலனிலும் திசை மாற்றத்தின் மேன்மை உறுதிப்படவில்லை.

ஆனாலும் நான் திசை மாற்றத்தை ஒதுக்கமாட்டேன். காரணம் உடற்கூறில் இருக்கிறது. வழக்கமான பேட் நிலையில் இடது கீழறையின் பின்புறத்துக்குப் போதிய மின்சாரம் எட்டுவதில்லை. வாய்க்கால் தண்ணீர் ஏறாத வயல் மூலை மாதிரி அந்தப் பகுதி விடுபடுகிறது. நடுக்கம் அங்கிருந்தே மறுபடி கிளம்பலாம். முதுகில் ஒரு பேட் இருந்தால் அந்தப் பகுதியும் மின்பாதைக்குள் வந்துவிடும். ஆய்வின் இன்னொரு எண் இதற்கு ஒத்துப்போகிறது: வி.எஃப். அடங்கியது வழக்கமான வழியில் 67.6 சதவீதம் பேருக்கு, திசை மாற்றத்தில் 79.9, இரட்டை ஷாக்கில் 84. அடக்குவதில் புது வழிகள் இரண்டும் கிட்டத்தட்ட அருகருகே நிற்கின்றன.

இதே தரவை வைத்துப் பின்னர் வந்த அலசல் இன்னொன்றையும் சொன்னது. "ஷாக்குக்கு அடங்காத வி.எஃப்." என்று எண்ணப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானோருக்கு முதல் ஷாக்குகளில் அது அடங்கி, திரும்ப வந்திருக்கிறது. நிஜமாகவே ஒருமுறைகூட அடங்காதவர்கள் சிறுபான்மை. இரட்டை ஷாக்கின் பலம் அவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து நடைமுறை. இரட்டை ஷாக்குக்கு இரண்டாவது இயந்திரம் வர வேண்டும், அதாவது பெரும்பாலும் இரண்டாவது வண்டி. நகரத்தில் அது சில நிமிடம்; கிராமச் சாலையில் அது வராமலே போகலாம். இயந்திரம் பழுதாகிவிடும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஒன்டாரியோவில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. திசை மாற்றத்துக்குத் தேவை ஒரு ஜோடி கூடுதல் பேடும், நெஞ்சழுத்தத்தை நீண்ட நேரம் நிறுத்தாமல் ஆளைப் புரட்டி ஒட்டும் பயிற்சியும்தான். உயிர்மீட்பு சிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பான இல்கோர் 2023-ல் மூன்று ஷாக்குக்குப் பிறகு இரண்டில் எதையும் பரிசீலிக்கலாம் என்றது. பரிந்துரையின் வலு குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது.

என் கருத்தில் இவை இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. மூன்றாவது ஷாக் தோற்றதும் முன்-பின் பேடுகளை ஒட்டி, இயந்திரத்தை அவற்றோடு இணைக்கலாம். பழைய பேடுகளைப் பிய்க்காமல் விட்டுவைத்தால், இரண்டாவது இயந்திரம் வந்ததும், அதன் இணைப்பு பொருந்துமானால், நேரே அவற்றில் மாட்டிவிடலாம். வராவிட்டாலும் நோயாளிக்கு நான்காவது ஷாக் புதிய திசையில் கிடைத்துவிடும். இரண்டாவது வண்டியை எதிர்பார்த்து அடுத்த ஷாக்கைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

முதல் ஷாக்கிலேயே முன்-பின் பேட் வைத்தால் என்ன என்ற கேள்வி அடுத்து வருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 255 பேரின் பதிவுகளைப் பார்த்து 2024-ல் வெளியான ஆய்வில், அப்படித் தொடங்கியவர்களுக்கு நாடித்துடிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வீடு திரும்பியவர்களின் கணக்கில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல; எந்தப் பேட் நிலை என்பதைக் களத்தில் இருந்தவர்களே தேர்ந்தெடுத்தார்கள். நான்காவது ஷாக்குக்கு ஒன்டாரியோவில் செய்ததை, முதல் ஷாக்குக்கும் யாராவது செய்து பார்க்க வேண்டும்.